வண்டி கேள்வி பதில்: வாரண்டித் தாளின் பின்பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார், அதற்கு மேலே போடுகிற நீட்டிப்பு வாரண்டி பற்றித்தான். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வொர்க்‌ஷாப் நடத்திக் கையில் கிரீஸ் படிந்தவன் என்பதால், விற்கிறவர் பக்கமும் தெரியும், ரிப்பேர் பில்லைப் பார்த்து வாங்கியவர் முகம் மாறுவதும் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சாட்ஸ்வர்த்தில் ஆசிரியை. டீலரிடம் 2018 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று பார்த்திருக்கிறேன், 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை பேசி முடித்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது ஃபைனான்ஸ் மேசைப் பையன், "மூன்று வருட வாரண்டி 15,000 ரேண்ட், கடனோடு சேர்த்துவிட்டால் மாதம் 300 தானே ஆன்ட்டி" என்கிறான். இன்றைக்கே போடாவிட்டால் பிறகு கிடைக்காதாம். கடன் 72 மாதம், வட்டி 13 சதவீதம். போடலாமா?

பதில்: அம்மா, அந்தத் 'தானே' இருக்கிறதே, அதற்குத்தான் அந்தப் பையனுக்குக் கமிஷன். நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பார்த்தேன். 15,000 ரேண்டை 13 சதவீத வட்டியில் 72 மாதக் கடனில் சேர்த்தால் மாதம் சுமார் 301 ரேண்ட் வரும், பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது சுமார் 21,700 ரேண்ட் ஆகியிருக்கும். அதைவிட மோசம், வாரண்டி மூன்று வருடம், கடன் ஆறு வருடம். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வருடங்களில் செத்துப்போன வாரண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்த வருடங்களில்தான் கார் உண்மையிலேயே மக்கர் செய்யும். எடுப்பதாக இருந்தாலும் கடனுக்குள் நுழைய விடாதீர்கள். கையிலிருந்து கட்டுங்கள், இல்லையென்றால் மாதா மாதம் தனியாகக் கட்டி வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளும்படியான பாலிசி பாருங்கள்.

'இன்றைக்கே' என்பதும் வியாபாரப் பேச்சுதான். டீலர் அல்லாத கம்பெனிகளும் இந்த வாரண்டியை விற்கின்றன, காரைச் சோதித்துவிட்டுப் பிறகும் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, அந்தப் பையன் சொல்லியிருக்க மாட்டான். டீலரிடம் வாங்குகிற பழைய காருக்குச் சட்டமே ஆறு மாத வாரண்டி கொடுக்கிறது, காசில்லாமல். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, பிரிவு 56. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை வாங்கியவருக்கு. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினாலோ வேறொன்று தலை நீட்டினாலோ, மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும், மறுபடியும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதற்காக 98,000 ஓடிய கார் புதுக்கார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. தேய்ந்த பிரேக் பேடுக்கும் பழைய டயருக்கும் இந்தச் சட்டம் வராது. டீலர் ஒரு குறையை வெளிப்படையாகச் சொல்லி நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் குறைக்கும் வராது. அதனால் கையெழுத்துப் போடும் தாள்களுக்குள் 'வாங்குபவர் அறிந்த குறைகள்' என்கிற மாதிரி ஒரு தாள் இருந்தால் அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எப்படியும் நீங்கள் காசு கொடுக்கிற மூன்று வருடத்தில் முதல் ஆறு மாதம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது வாரண்டித் தாளுக்கு வருவோம். முன்பக்கத்தில் என்ஜின், கியர்பாக்ஸ், டர்போ, ஏசி என்று பெரிய எழுத்தில் வரிசையாக இருக்கும். திருப்புங்கள். பின்பக்கம்தான் வாரண்டி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். கியர்பாக்ஸுக்கு 20,000 ரேண்ட் என்று போட்டிருந்து பில் 45,000 வந்தால் மீதி 25,000 உங்கள் தலையில். ஒவ்வொரு கிளெய்முக்கும் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை தனியாக இருக்கும். மூன்று வருடம் என்பதன் பக்கத்தில் 'அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ' என்று இருக்கும். நீங்கள் தினமும் உம்லாங்கா வரை ஓட்டுகிறவர் என்றால் மூன்று வருடம் இரண்டாகிவிடும். அப்புறம், கழற்றிப் பார்க்கிற கூலி. கோளாறு எங்கே என்று கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். பிரித்த பிறகு 'இது தேய்மானம், வாரண்டியில் வராது' என்றால், பிரித்த கூலியும் உங்களுக்குத்தான். மேசை மேல் சாமான்களாகக் கிடக்கும் கியர்பாக்ஸை யாரும் வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

என் கதையையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு மனைவியின் காரில் போனோம். அன்றைக்கு அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. சூட்டு முள் மேலே ஏறுகிறது. மெக்கானிக்காக இருந்தவனே, "அடுத்த ரோபோ தாண்டி நிறுத்திக்கலாம்" என்று சொன்னேன், வெட்கம்தான் (சிக்னல் விளக்கை இங்கே ரோபோ என்போம்). ரோபோ தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது, விரல் நீளத்துக்கு ஒரு கீறல், உள்ளே ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. என்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிற்று. வாரண்டியில் ஹெட் கேஸ்கெட் இருந்தது, ரப்பர் ஹோஸ் இல்லை. வாரண்டியில் இல்லாத பாகத்தால் வந்த சேதம், அதற்கு மேல் முள் ஏறிய பிறகும் ஓட்டினீர்கள் என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். கம்பெனி பேர் வேண்டாம், தாளில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

உங்கள் காரில் என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று முதலில் கேளுங்கள். பெல்ட் என்றால், பல மாடல்களில் 90,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், உங்கள் கார் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேரத்தில் வாரண்டிக்குப் பதிலாக பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

சரி, எடுப்பதா வேண்டாமா? சாதாரண மேனுவல் கார், டர்போ இல்லை, பாகங்கள் எங்கேயும் கிடைக்கும் என்றால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அந்த 300 ரேண்டைத் தனிக் கணக்கில் போட்டாலே மூன்று வருடத்தில் 10,800 சேர்ந்துவிடும். உங்களுடையது ஆட்டோமேட்டிக். எட்டாவது மாதம் கியர்பாக்ஸ் போனால் உங்கள் சேமிப்பில் 2,400 தான் இருக்கும். ஒரே நாளில் முப்பதாயிரம் புரட்ட வழியில்லை, கார் இல்லாமல் பள்ளிக்கூடம் போக முடியாது என்றால் வாரண்டிக்கு அர்த்தம் இருக்கிறது, ஆனால் கியர்பாக்ஸ் உச்சவரம்பு பில்லில் பெரும்பகுதியையாவது தாங்க வேண்டும். தாளை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வாரண்டி வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். ஏசி கம்ப்ரெசர் போய்விட்டது. வாரண்டிக்காரர்கள், ஆயில் சர்வீஸ் 1,800 கிலோமீட்டர் தாமதம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஆயிலுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை தம்பி. கம்ப்ரெசருக்கு உள்ளே இருக்கிற எண்ணெய் வேறு, என்ஜின் ஆயில் வேறு. ஆனால் தாளில் 'சர்வீஸ் தவறினால் எல்லாப் பாதுகாப்பும் ரத்து' என்று இருக்கலாம், அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். போனில் சண்டை போடாதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், தாமதமான சர்வீஸ் எப்படிக் கம்ப்ரெசரைக் கெடுத்தது என்றும் ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதுவது அவர்களுக்குச் சிரமம்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி பேர் இருக்கிறதா பாருங்கள். இந்த நாட்டில் இப்படி விற்கிற வாரண்டிகள் பல உள்ளுக்குள் இன்சூரன்ஸ் பாலிசிகள்தான். அப்படியென்றால் கம்பெனியிடம் புகார் கொடுத்துச் சரியாகாவிட்டால் தேசிய நிதி ஆம்புட் என்கிற புகார் தீர்க்கும் அமைப்புக்குப் போகலாம்; வங்கி, கடன், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு என்று முன்பு நாலாக இருந்த அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் ஒன்றாகிவிட்டன. சண்டை டீலரோடோ வொர்க்‌ஷாப்போடோ என்றால் இடம் வேறு, மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மன். இரண்டு இடத்திலும், முதலில் அவர்களிடமே எழுதிக் கேட்டீர்களா என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: லெனேசியாவில் என் பெரியப்பா வீட்டோடு சேர்த்து ஒரு கராஜ் வைத்திருக்கிறார். அவரிடம் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: எந்த வாரண்டி என்பதைப் பொறுத்தது. கார் தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் இருக்கின்றன, வெளியே சர்வீஸ் செய்தாய் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. அதற்காகப் பெரியப்பா செய்த வேலையால் ஏதாவது கெட்டுப்போனால் தயாரிப்பாளர் பணம் கொடுப்பார் என்று இல்லை. தனியாக வாங்கிய நீட்டிப்பு வாரண்டி என்றால் அந்தத் தாளில் எங்கே சர்வீஸ் செய்யலாம் என்று எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. பெரியப்பா ஆயில் மாற்றிவிட்டு டீ குடித்து அனுப்பிவிடுவார், அதுதான் பிரச்சினை. தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு போட்டு பில் எழுதித் தரச் சொல்லுங்கள், சொந்தக்காரர் என்று கூச்சப்படாதீர்கள்.

இதோடு இன்னொரு குழப்பமும் பலருக்கு இருக்கிறது. சர்வீஸ் பிளான் என்றால் ஆயில், ஃபில்டர், பிளக். மெயின்டனன்ஸ் பிளான் என்றால் அதற்கு மேல் பிரேக் பேட், கிளட்ச் மாதிரித் தேய்கிறவையும் சேரும். வாரண்டி இரண்டுமில்லை, பாகம் உடைந்தால் மட்டும். மூன்றையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிட்டுப் பிரேக்குக்குக் கிளெய்ம் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஃபீனிக்ஸில் ஒருவரிடம் நேரடியாகப் பாக்கி ஒன்று வாங்கப்போகிறேன். 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதித் தருகிறார். வாரண்டி போடலாமா?

பதில்: தமிழில் பாக்கி என்றால் கடன் மிச்சம், இங்கே பாக்கி என்றால் பின்னால் தொட்டி வைத்த வண்டி, சில நேரம் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. தொழிலாக விற்காத தனி ஆளிடம் வாங்கினால் மேலே சொன்ன ஆறு மாதம் கிடையாது. ஃபுட்ஸ்டூட்ஸ் என்றால் இருக்கிறபடி எடுத்துக்கொள் என்று அர்த்தம். தெரிந்தே மறைத்த குறைக்கு அது அவரைக் காப்பாற்றாது, ஆனால் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வாரண்டி கிடைக்கும், ஆனால் வாங்குகிற நாளில் ஏற்கெனவே இருக்கிற கோளாறுக்கு எந்த வாரண்டியும் வராது. அதனால் அந்தக் காசில் கொஞ்சத்தை முதலில் ஒரு முழுச் சோதனைக்குச் செலவழியுங்கள். சாலையில் ஓட்டத் தகுதி என்று தருகிற ரோட்வொர்தி சான்றிதழ் போதாது, பிரேக்கும் விளக்கும் சரி என்று சொல்லும், கியர்பாக்ஸின் ஆயுளைச் சொல்லாது.

நம் பக்கத்து வண்டி என்பதால் வெள்ளத்தையும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். வீட்டு வாசலில் நின்று முங்கிய வண்டிகளும் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சுருண்டிருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது. சீட்டுக்குக் கீழே, சீட் நகர்கிற தடத்தின் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் ஊறின நாற்றம். இது எதுவும் வாரண்டியில் வராது, விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: டீலரிடம் வாங்கிய கார் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்கிறீர்கள். கோவிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய காரைத் திருப்பினால் தோஷம் என்கிறார் என் அத்தை. (மெரேபேங்க்)

பதில்: தோஷத்தை அத்தையும் பூசாரியும் பேசி முடிவு செய்யட்டும். சட்டப்படி மூன்று வாரம் என்பது ஆறு மாதத்துக்குள் நன்றாகவே இருக்கிறது. வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க விடாதீர்கள், பிரித்துவிட்டால் கெடுத்தது யார் என்ற பேச்சு வரும். கோளாறு என்ன, என்றைக்கு வந்தது, ரிப்பேர் வேண்டுமா பணம் வேண்டுமா என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள், அன்றைய ஓடோமீட்டரைப் படம் எடுத்துச் சேருங்கள். காரைக் கொண்டுசேர்க்கிற செலவு அவர்களுடையது, நீங்கள் இழுவை வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் எடுத்துப்போக வருவதற்கு முன்னால் பானெட்டில் அப்பிய மஞ்சளையும் குங்குமத்தையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பெயின்டில் கறை என்று அதற்கு ஒரு தொகையைக் கழிக்கப் பார்ப்பார்கள்.