கேத்தி பர்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில நடிகை கேத்தி பர்க்கின் பழைய நகைச்சுவைத் தொடர்களை அண்மையில் பார்த்து முடித்தேன். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்ற ஒருவர், சில ஆண்டுகளிலேயே நடிப்பைக் குறைத்துக்கொண்டு சிறிய அரங்குகளில் நாடகம் இயக்கப் போனது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. உச்சத்தில் இருக்கும்போது ஏன் அப்படி ஒதுங்க வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

அவர் ஒதுங்கினார் என்று நான் கருதவில்லை. தொலைக்காட்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்ப்பதற்கு முன்பே, 1990இல், ‘மிஸ்டர் தாமஸ்’ என்ற நாடகத்தை எழுதி, லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் இயங்கும் ஓல்ட் ரெட் லயன் அரங்கில் தாமே இயக்கியவர் அவர். அதில் நடித்தவர் ரே வின்ஸ்டன். ஏழாண்டுகள் கழித்து, கேரி ஓல்ட்மன் இயக்கிய ‘நில் பை மவுத்’ படத்தில் அதே வின்ஸ்டன் மனைவியை அடித்து நொறுக்கும் கணவனாக வந்தார்; அடிபடும் மனைவி வேலரியாக நடித்ததற்குத்தான் 1997இல் கேத்தி பர்க்குக்குக் கான் விருது கிடைத்தது.

1964இல் பிறந்து, நினைவு தெரியும் முன்பே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, இஸ்லிங்டனின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பர்க் நடிப்புப் பழகியது ஆனா ஷெர் என்ற ஆசிரியையிடம். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக 1968இல் ஷெர் தொடங்கிய வகுப்பில், கொடுத்த ஒரு சூழலுக்குள் நின்று, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டு, அந்தக் கணத்தில் தோன்றுவதைப் பேச வேண்டும். கேட்பதுதான் அங்கே முதல் பாடம். முகமெல்லாம் கன்றிப்போன வேலரி, கார் மோதிவிட்டதாகத் தன் தாயிடம் சொல்லும் காட்சியை மீண்டும் பாருங்கள். தாய் அதை நம்பவில்லை என்பதை அவர் முகத்தில் படித்துக்கொண்டேதான் மகள் அந்தப் பொய்யைச் சொல்லி முடிக்கிறாள். பதின்வயதுப் பையன் பெர்ரியாகவும், ‘கிம்மி கிம்மி கிம்மி’ தொடரின் லிண்டாவாகவும் அவர் நம்மைச் சிரிக்கவைத்ததும் இந்தத் திறனால்தான்.

இப்படிப் பழகியவர் எந்தப் பிரதிகளைத் தேடிப் போனார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். 2003இல் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் அவர் இயக்கியது, டெபி டக்கர் கிரீன் என்ற கறுப்பின எழுத்தாளரின் ‘பார்ன் பேட்’. குடும்பத்துக்குள் தந்தை இழைத்த கொடுமையை மகளொருத்தி வாய்விட்டுச் சொல்லத் தொடங்க, தாயும் உடன்பிறந்தவர்களும் ஆளுக்கொரு விதமாக எதிர்கொள்ளும் நாடகம் அது. வேலரியின் வீட்டுக்கு அது வெகுதூரமில்லை. அப்போது அதிகம் அறியப்படாத டக்கர் கிரீனுக்கு அந்நாடகம் அடுத்த ஆண்டு லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியே விருதைப் பெற்றுத் தந்தது. 2004இல் ஐரிஷ் எழுத்தாளர் பிரெண்டன் பீஹனின் ‘தி குவேர் ஃபெல்லோ’வை எடுத்துக்கொண்டார். டப்ளின் சிறையில் மறுநாள் தூக்கிலிடப்படவிருக்கும் கைதி கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. அவன் தப்புவானா மாட்டானா என்று, ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் பன்றியிறைச்சியைப் பணயம் வைத்து மற்ற கைதிகள் பந்தயம் கட்டுகிறார்கள். கண்ணில் படாத ஒருவனின் சாவை, சுற்றியிருக்கும் ஆண்களின் பேச்சைக் கொண்டே அரங்கில் கனக்கவைக்க, ஒவ்வொரு நடிகரும் அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். ஒத்திகையில் அதைக் கற்றுத்தர பர்க்கைவிடத் தகுதியானவர் யார்?

சிறிய அரங்குகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2018இல் லண்டனின் வணிக அரங்கான வாடெவிலில் ஆஸ்கர் வைல்டின் ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ நாடகத்தை நகைச்சுவை நடிகை ஜெனிஃபர் சாண்டர்ஸை நடிக்கவைத்து இயக்கியவரும் இவர்தான். நடிப்பையும் அவர் முற்றாகக் கைவிடவில்லை. 2011இல் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ படத்தில் கோனி சாக்ஸாக வந்தார்.

நாடகம் நடந்த மாலைகளில் அங்கே இல்லாத நமக்கு அந்த மேடையேற்றங்கள் கிடைக்கவில்லை என்பது உண்மையான வருத்தம்தான், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ‘பார்ன் பேட்’ நூலாக வந்திருக்கிறது. வேலரியை இன்னொரு முறை பார்த்த கையோடு அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.