பன்னிரண்டு மணி நேர டியூட்டி

ஐயாவுக்கு வணக்கம்,

எங்கள் அப்பாவுக்கு 54 வயது. வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்கிறார். மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் டியூட்டி. பன்னிரண்டு மணி நேரம், வார லீவு கிடையாது, மாதம் 12,000 ரூபாய். உயரம் கொஞ்சம் குறைவுதான், டிரெய்னிங்குக்கும் யூனிஃபார்முக்கும் சேர்த்து 3,000 கட்டினால் சமாளித்துவிடலாம் என்றாராம் ஏஜென்சிக்காரர். பள்ளிச் சான்றிதழ் ஒரிஜினலையும் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, விளாங்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 3,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-ல் வந்த சட்டப்படி காவலருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகள் ஆண்களுக்கு 160 செ.மீ. உயரம் கேட்கின்றன. பயிற்சி, வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். அதைக் கொடுக்கும் பொறுப்பு ஏஜென்சியுடையது என்று சட்டமே சொல்கிறது. நடப்பதோ வேறு. சாயங்காலம் சட்டையைக் கொடுத்து மறுநாள் காலையில் கேட்டில் நிறுத்திவிடுகிறார்கள். 3,000 கட்டுவதால் அப்பா வளர்ந்துவிடப் போவதும் இல்லை. சான்றிதழுக்கு ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலை விட்டுவைத்தால், வேலையை விட்டு நிற்கும் நாளில் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அளவு. மிஞ்சிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எட்டு மணி நேரம் வீதம் 26 நாள் என்றால் மாதம் 208 மணி நேரம். உங்கள் அப்பா முப்பது நாளும் நின்றால் 360. கூடுதலான 152 மணி நேரத்தை இரட்டிப்பாக்கினால் மொத்தம் 512 மணி நேரச் சம்பளம் வர வேண்டும். 12,000-ஐ 512-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 23 ரூபாய் சொச்சம். அதாவது எட்டு மணி நேர வேலைக்கு மாதம் ஐயாயிரம்கூடத் தேறவில்லை. "பன்னிரண்டாயிரம்" என்று கேட்கும்போது இது காதில் விழாது.

பிடித்தத்தையும் எழுத்தில் கேளுங்கள். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 12,000-க்கு 90 ரூபாய்தான். முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். பி.எஃப்.பில் ஆளுக்கு 12 சதவீதம். இரண்டு பங்கையும் காவலர் தலையிலேயே கட்டும் ஏஜென்சிகள் உண்டு. பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். முதல் மாதமே இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கச் சொல்லுங்கள். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைப் பற்றி மில்லில் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்சி லைசென்ஸை ஆபீஸில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். தேதியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அப்புறம் அந்த ஜவுளிக்கடை வாசல். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. வாசலில் நிற்பவரைக் கேட்டால் "அவர் ஏஜென்சி ஆள், எங்க ஆள் இல்லை" என்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க 54 வயது முழங்கால் ஒத்துழைக்குமா என்பதை அவரே யோசிக்கட்டும்.

வேலைக்கே போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடமாகக் கேட்கச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரி, தொழிற்சாலை கேட் மாதிரி இடங்களில் கிடைக்க வாய்ப்பு உண்டு. கையில் வருவது ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஷிஃப்ட் அவருக்குப் புதிதும் இல்லை.