தங்க மூக்குப்பொடி டப்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் செய்த எனாமல் வேலைப்பாடுள்ள தங்க மூக்குப்பொடி டப்பிகளை உங்கள் கட்டுரையில் வியந்து எழுதியிருந்தீர்கள். லண்டன் வாலஸ் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழைகள் ரொட்டிக்கு அலைந்த ஊரில் மூக்குப்பொடி வைத்துக்கொள்ளத் தங்க டப்பியா? இது கலையா, பணத்திமிரா?

க., திருச்சி

அன்புள்ள க.,

பணத்திமிர்தான். அதில் நமக்குள் வழக்கே இல்லை. கோடைக்கு இலேசான டப்பி, குளிர்காலத்துக்குக் கனமான டப்பி என்று பருவத்துக்கொன்று வைத்திருந்தவர்களைப் பற்றி மெர்சியே என்ற பாரிஸ் எழுத்தாளர் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார். அரசர் பரிசாகக் கொடுத்த டப்பியைக் கொண்டுபோய் நகை வணிகரிடமே விற்றுக் காசாக்கிய தூதர்களும் இருந்தார்கள்.

ஆனால் வாங்கியவரின் திமிரை வைத்துச் செய்தவரின் வேலையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை போனால் மூடியில் உள்ள ஓவியத்தை விட்டுவிட்டுக் கீலைத் தேடிப் பாருங்கள். நல்ல டப்பியில் அது சட்டென்று அகப்படாது. பக்கச் சுவரின் வேலைப்பாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் பொடி கசிந்து உடையெல்லாம் கொட்டிவிடும் என்பதால், மூடி அவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். அதே மூடி ஒரு விரல் தொட்டால் திறக்கவும் வேண்டும்.

எனாமல் என்பது கண்ணாடி. அதை மாவாக அரைத்து, கழுவி, ஈரத்தோடு தங்கத்தின் மேல் பரப்பி உலையில் உருக்குவார்கள். அதற்கு முன்பே தங்கத்தில் அலைகளும் கதிர்களும் செதுக்கியிருப்பார்கள். மேலே படிந்த நீலத்துக்குள் வெளிச்சம் இறங்கி, அந்தச் செதுக்கலில் பட்டுத் திரும்பி வரும். சாயமடித்த பரப்பில் அந்த ஆழம் ஒருநாளும் கிடைக்காது. ஓவியம் தீட்டுவதென்றால் பலமுறை சுட வேண்டும். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், தாங்காதது கடைசியில். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் விழுந்தால் அத்தனை உழைப்பும் போயிற்று.

இதையெல்லாம் செய்தது யார்? டப்பிக்குள் சிறு முத்திரைகள் இருக்கும்: பொற்கொல்லருடையது, அவர் சங்கத்தினுடையது, அரசின் வரியை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த வரிக் குத்தகைதாரருடையது. தங்கத்தின் மாற்றுக்கு யார் பொறுப்பு, வரி கட்டியாயிற்றா என்பதுதான் சட்டத்துக்குத் தேவைப்பட்டது. அதனால் ழான் துக்ரோலே போன்ற பொற்கொல்லர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. எனாமல் ஓவியர்களில் சிலர் கையெழுத்திட்டார்கள். செதுக்கியவரும் மெருகிட்டவரும் பெயரில்லாமலே போனார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

விற்றவர் பெயர் மட்டும் நன்றாகவே நிலைத்தது. லாசார் துவோ என்ற வணிகரின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. பதினைந்தாம் லூயி மன்னரின் காதலியான பொம்பதூர் சீமாட்டி அதில் திரும்பத் திரும்ப வருகிறார். இப்படிப்பட்ட வணிகர்களை ‘எல்லாம் விற்பவர்கள், எதையும் செய்யாதவர்கள்’ என்றது பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோவின் கலைக்களஞ்சியம். அது முழு நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானிய அரக்குப் பலகையையும் பிரான்ஸின் செவ்ரு ஆலையில் செய்த பீங்கானையும் பாரிஸ் கைவினைஞரின் வேலையோடு சேர்த்துவைத்த கண் அவர்களுடையது. அதுவும் ஒரு திறமைதான்.

உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் டப்பிக்குள் இருந்த பொடி. பிரான்ஸில் புகையிலை விற்கும் ஏகபோக உரிமையும் வரிக் குத்தகைதாரர்களிடமே இருந்தது. அவர்கள் கிளாஸ்கோ வணிகர்கள் மூலம் கப்பல் கப்பலாக வாங்கிய இலை வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் விளைந்தது. அதை நட்டு, பறித்து, உலர்த்தியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அடிமைகளாகவே பிறந்த அவர்களின் பிள்ளைகளும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் டப்பியோடு இந்தச் செய்தியும் இருக்க வேண்டும்.