வினிகரில் கரையும் கிளிஞ்சல் கடலில் ஏன் கரையவில்லை?

வினிகரில் போட்ட கிளிஞ்சல் நுரைத்துக் கரைந்ததைப் பார்த்த உங்கள் மகள், "கடல்நீரின் பிஎச் 8.1, அது காரம்தானே, அப்புறம் ஓடு எப்படிக் கரையும்?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. பிஎச் என்பது அமில-கார அளவு: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து கடல் அமிலத்தின் பக்கம் நகர்கிறது, அதனால் ஓடுகளுக்கு ஆபத்து என்கிறார்களே, அதைப் பற்றிய கேள்வி இது.

வினிகர் சோதனை கொஞ்சம் ஏமாற்றும். அது கடல்நீரைவிட லட்சக்கணக்கான மடங்கு அமிலம். கடல் சுமார் 8.2-இலிருந்து 8.1-க்குத்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் பிஎச் மடக்கைக் கணக்கு (ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு) என்பதால், இந்தச் சின்ன இறக்கத்திலேயே அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிட்டன.

பெரும்பாலான உயிர்களுக்குச் சிக்கல் ஓடு கரைவதில் இல்லை, கட்டுவதில்தான். கூடுதலாக வந்த ஹைட்ரஜன், ஓடு கட்டத் தேவையான, நீரிலுள்ள கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. வீடு கட்ட இறக்கிய செங்கலை யாரோ தூக்கிக்கொண்டு போவது மாதிரி. சிப்பிக் குஞ்சு பிறந்த இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும்; கையிருப்போ முட்டையில் வந்த கொழுப்பு மட்டும். அது ஓட்டுக்கே தீர்ந்துபோனால் இரை தின்னத் தெம்பிருக்காது. 2007 வாக்கில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஒரு பொரிப்பகத்தில் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலேறிய, கரியமில வாயு மிகுந்த நீர்தான் காரணம். பிறகு உள்ளே வரும் நீரில் சோடியம் கார்பனேட் கலந்து சமாளித்தார்கள்.

கரைவதும் உண்டு. கார்பனேட் மிகவும் குறைந்துவிட்டால், பிஎச் 7-க்கு மேல் இருந்தாலும் ஓடு அரிபடும். கடல் வண்ணத்துப்பூச்சி எனப்படும் நத்தையின் கண்ணாடி போன்ற மெல்லிய ஓட்டில், அது உயிரோடு இருக்கும்போதே இந்த அரிப்பைப் பார்த்திருக்கிறார்கள்.