என்டிஎஸ்சி கேம்கார்டரை வாங்கி வந்து கோத்தகிரியில் பயன்படுத்தலாமா?

கேட்டிருப்பது இது: "கனடாவில் இருக்கும் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அங்கே விலை குறைவு என்று ஒரு கேம்கார்டரைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆனால் அது என்டிஎஸ்சி மாடல். இங்கே கடைகளில் கிடைப்பது பால் மாடல். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். வீட்டு விசேஷங்கள் எடுக்கத்தான் வேண்டும். எதை வாங்குவது?"

என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்பவை டிவிப் படத்துக்கான இரண்டு முறைகள். என்டிஎஸ்சி 60 கணக்கில் ஓடும், பால் 50 கணக்கில் ஓடும். மெனுவில் 50-க்கு மாற்றிக்கொள்ள முடிகிற கேமரா என்றால் தாராளமாக வாங்கி வரச் சொல்லுங்கள். 60 மட்டும்தான் என்றால் வேண்டாம். நானும் கோத்தகிரிப் பக்கம்தான், கல்யாண வீடியோ எடுப்பது தொழில். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய இழப்பு நூலிழையில் தப்பியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த 50, 60 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ். டிவி வந்த காலத்தில் கரண்டின் துடிப்பும் படத்தின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை ஓடும். அதனால் அந்தந்த நாடு தன் கரண்டுக்கு ஏற்ற எண்ணை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1953-ல் கலர் என்டிஎஸ்சி வந்தது. அதில் 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியில் வால்டர் ப்ரூக் உருவாக்கியது பால். இதில் 625 கோடு, நொடிக்கு 25 ஃப்ரேம். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால். இலங்கையும் பால்தான். ஜப்பான், தென்கொரியா, கனடா எல்லாம் என்டிஎஸ்சி.

இப்போதைய ஹெச்டி கேமராவில் கோட்டுக் கணக்கு போய்விட்டது. 1080 என்றால் இரண்டு ஊரிலும் 1080தான். மிஞ்சியிருப்பது வேகம் மட்டும்: இங்கே 25, 50, அங்கே 30, 60. "அவ்வளவுதானே, கம்ப்யூட்டரிலும் போனிலும் இரண்டும் ஓடுமே" என்று கடைக்காரர்கூடச் சொல்வார். ஓடும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் படம் எடுக்கும் இடத்தில் இருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அப்பாயி நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். 2003 பொங்கலுக்குக் கனடாவிலிருந்து சித்தப்பா வந்தார், கையில் சின்னக் கேசட் போடும் ஒரு மினிடிவி (MiniDV) கேம்கார்டர். அப்பாயியை உட்காரவைத்து, கப்பல் கதையையும், தோட்டத்தில் பாடிய தாலாட்டையும், கொண்டுவந்த பித்தளைச் செம்பையும் இரண்டு கேசட் நிறைய எடுத்தார். "கேசட் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று கொடுத்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாயி 2009-ல் தவறினார். காரியம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அத்தை, "அந்தக் கேசட்டைப் போடேன்" என்றார். அப்போது நான் தொழிலுக்கு வந்துவிட்டேன், பால் கேமரா கையில் இருந்தது. போட்டேன். நீலத் திரை. இரண்டாவது கேசட்டும் நீலத் திரை. பத்துப் பதினைந்து பேர் டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பாயி குரல் வரவில்லை. கேசட் ஒரே அளவு, ஒரே பெயர், ஆனால் உள்ளே பதிந்திருந்தது என்டிஎஸ்சி. என் கேமராவுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. சித்தப்பா அந்தக் கேமராவை எப்போதோ விற்றிருந்தார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய நண்பர் ஒருவர் ஊருக்கு வரும்போது தன் பழைய என்டிஎஸ்சி ஹேண்டிகேமைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் ஃபயர்வயர் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிந்தது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி. இப்போது அது நான்கு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

ஏற்றிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முதல் இருபது நிமிஷம் அடுப்படியில் எடுத்தது. மேலே பழைய காப்பர் சோக் டியூப்லைட். அப்பாயியின் முகமும் பின்னால் இருக்கிற சுண்ணாம்புச் சுவரும் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கின்றன. பிறகு செம்பை வெளிச்சத்தில் காட்டுகிறேன் என்று எழுந்து வாசலுக்கு வருகிறார். வாசல்படி தாண்டிய அந்த நொடியில் துடிப்பு நின்றுவிடுகிறது. செம்பின் கழுத்தில் வெட்டியிருக்கும் பெயர் எழுத்துக்கூட வாசிக்க முடிகிறது. அதே கேமரா, அதே கை, அதே ஆள். வெளிச்சம் மட்டும்தான் மாறியது.

காரணம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. 50-ல் ஓடும் கேமரா ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டு துடிப்பை வாங்கிக்கொள்ளும், அதனால் வெளிச்சம் சீராக விழும். 60-ல் ஓடும் கேமராவுக்கு ஒன்றே முக்கால் துடிப்புக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு படத்தில் வெளிச்சம் கூடும், அடுத்ததில் குறையும். அதுதான் அந்தப் படபடப்பு. எலக்ட்ரானிக் சோக் வந்த பிறகு டியூப்லைட்டில் இது குறைந்திருக்கிறது. நல்ல எல்இடி பல்பிலும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் மண்டபத்தில் தொங்கவிடும் மலிவான சீரியல் லைட், பழைய டீ ஃபேக்டரியில் இலையை வாடப் போடும் மாடி, ஊர்ச் சமுதாயக் கூடம், இங்கெல்லாம் இன்றைக்கும் தெரியும். நீங்கள் விசேஷம் எடுக்கப்போவதும் அப்படிப்பட்ட இடங்களில்தானே.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜப்பான்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. நாடு முழுக்க என்டிஎஸ்சி, ஆனால் டோக்கியோ பக்கம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் அங்கே ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, நூறில் ஒரு பங்கு நொடிக்கு வைத்துவிடுவார்கள். ஒரு முழுத் துடிப்பு அப்படியே அடங்கிவிடும், படபடப்பு போய்விடும். நீங்களும் செய்யலாம். ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு விலை உண்டு. ஐம்பதில் ஒரு பங்கில் கிடைக்கும் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கில் பாதிதான் கிடைக்கும். மாலை நாலு மணிக்கு மஞ்சு இறங்கி, ஜன்னல் எல்லாம் வெள்ளையாகி, மண்டபத்துக்குள் மசமசவென்று இருக்கும்போது அந்தப் பாதி வெளிச்சம் பெரிய விஷயம். கேமரா கெய்னை ஏற்றும், அதாவது குறைந்த வெளிச்சத்தைச் செயற்கையாகக் கூட்டிக் காட்டும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். மணப்பெண்ணின் கறுப்புக் கூந்தல் சாம்பல் நிறத்தில் கொதிப்பது போலத் தெரியும். சமவெளியில் இருப்பவருக்கு நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், மலையில் இருப்பதால் சொல்கிறேன்.

வெளியே எடுப்பதற்கு எந்தக் கேமராவும் சரி. ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி ஆடுகிற கூட்டம், குன்னூர் மலை ரயில், தேயிலைக் காடு, எல்லாம் சூரிய வெளிச்சம். 60-ல் எடுத்தால் ஆட்டம் இன்னும் வழவழப்பாகவே இருக்கும்.

அப்புறம், யாரோடு சேர்த்து எடிட் செய்யப்போகிறீர்கள் என்பது. விசேஷத்துக்கு ஸ்டுடியோக்காரரும் வருவார், அவர் 25 அல்லது 50-ல் எடுப்பார். உங்களுடைய 30 ஃப்ரேமை அதில் நுழைத்தால் நொடிக்கு ஐந்து ஃப்ரேமைத் தூக்க வேண்டும். தாலி கட்டும் கையை மெதுவாகப் பின்தொடரும் ஷாட்டில் லேசாகத் தட்டித் தட்டிப் போகும். எடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை முழுதாக மறைக்க முடியாது. நீங்கள் மட்டும் எடுத்து, நீங்களே போனில் பார்ப்பதென்றால் இந்தக் கவலை இல்லை.

பலர் டிவிடி ரீஜன் எண்ணையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்கா, கனடாவுக்கு 1, இந்தியாவுக்கு 5 என்பது கடையில் விற்கும் பட டிவிடிக்கான பூட்டு. நீங்கள் எடுக்கும் வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜரும் பயப்பட வேண்டியதில்லை, அடியில் 100-240 என்று போட்டிருந்தால் பின் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் வாரண்டி இங்கே செல்லுமா என்று அண்ணனை வாங்குமுன் கேட்கச் சொல்லுங்கள், பல மாடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும்.

கேமராவைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது: மெனுவில் "வீடியோ சிஸ்டம்" அல்லது "சிஸ்டம் ஃப்ரீக்வன்சி" என்று ஒன்று இருக்கிறதா, அதில் 50 வருகிறதா. பெட்டியில் 60, 30, 24 மட்டும் அச்சிட்டு 50, 25 இல்லையென்றால் அது பெரும்பாலும் மாறாது. சோனி ஹேண்டிகேம் என்றால் மாடல் எண்ணின் கடைசியில் ஈ (E) எழுத்து இருப்பது பால். மாற்றக்கூடிய கேமராவில் மாற்றும்போது மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு முன் கார்டில் இருப்பதை இறக்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன பழைய கேசட் இருந்தால், அண்ணன் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே யாரிடமாவது ஓடுகிற நிலையில் பழைய என்டிஎஸ்சி ஹேண்டிகேம் கிடைத்தால் புதுக் கேமராவோடு அதையும் கொண்டு வரட்டும். என்னிடம் ஃபயர்வயர் போட்ட கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்கிறது, கொண்டு வாருங்கள், ஏற்றித் தருகிறேன்.