ஃபாதர்கிட்ட தனியா போய் பாவத்த சொல்ற பாவசங்கீர்த்தனம் இருக்கே, அப்புறம் கத்தோலிக்க கோயில் பூசையில (திருப்பலியில) எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்றதுல என்ன பிரயோஜனம்?

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், பூசை ஆரம்பத்துல சொல்ற அந்த ஜெபம் பாவசங்கீர்த்தனத்துக்கு பதில் கிடையாது. அது முடிஞ்சதும் ஃபாதர் சொல்ற மன்னிப்பு ஜெபத்துக்கு பாவசங்கீர்த்தனம்கற அருள்சாதனத்தோட (திருச்சடங்கோட) பலன் இல்லன்னு திருச்சபையே சொல்லுது. சாவான பாவம்னா, அதாவது தெரிஞ்சே மனசார செஞ்ச பெரிய பாவம்னா, தனியா போய் சொல்லித்தான் ஆகணும்.

அப்ப எதுக்குன்னா, கடவுள்கிட்ட மட்டும் சொல்றதா இருந்தா வீட்லயே முட்டி போட்டு சொல்லிக்கலாமே. இங்க "சகோதர சகோதரிகளே உங்களிடமும்"னு பக்கத்துல நிக்கிறவங்ககிட்டயும் நான் பாவின்னு ஒத்துக்கிட்டு, கடைசியில அவங்களையே எனக்காக வேண்டிக்கோங்கன்னு கெஞ்சறோம். சொத்து தகராறுல வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ரெண்டு பெஞ்சு தள்ளி நின்னு, அதே வரிய ஒரே நேரத்துல சொல்லி, "என் பாவமே, என் பாவமே"ன்னு நெஞ்சுல தட்டிக்கறாங்க, வெளிய வந்தா மூஞ்சிய திருப்பிக்குவாங்க, அது வேற கதை. ஆனா அந்த ஒரு நிமிஷம் யாரும் யாரையும் விட யோக்கியன் இல்ல.

ஃபாதரும் அதுல சேர்த்திதான். பழைய லத்தீன் பூசையில குரு முதல்ல தனியா சொல்வாரு, அப்புறம் பூசை உதவி பண்றவங்க தனியா சொல்வாங்க, 1970-ல வந்த புது திருப்பலி புத்தகத்துலதான் எல்லாரும் ஒண்ணா சொல்ற மாதிரி ஆச்சு. கடமையில் தவறினதையும் அப்பதான் சேர்த்தாங்க, என்னைக் கேட்டா அதுதான் சரியா குத்தற இடம், செஞ்சத விட செய்யாம விட்டதுதானே நம்மகிட்ட ஜாஸ்தி.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல, அப்பம் பிட்கறதுக்கு முன்னாடி பாவத்த அறிக்கையிடுங்கன்னு ஆதி கிறிஸ்தவங்களோட திதாக்கே நூல்லயே இருக்கு.

எனக்கு இதுல ஒரே குறை, முன்னாடி வர்ற மௌனம். நம்மள நினைச்சுப் பாக்கத்தான் அது, ஆனா பல இடத்துல மூச்சு விடறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது, ஒரு வாரத்து பாவத்த அதுக்குள்ள எங்க யோசிக்கறது.

நிதானமா வேணும்னா தவக்காலத்துலயும் (ஈஸ்டருக்கு முன்னாடி) திருவருகைக் காலத்துலயும் (கிறிஸ்துமஸுக்கு முன்னாடி) நடக்கற பொது ஒப்புரவு வழிபாட்டுக்கு போங்க. பைபிள் வாசகம், நம்ம பாவத்த நாமே யோசிச்சுப் பாக்கற ஆன்ம சோதனை எல்லாம் சேர்ந்து பண்ணிட்டு பாவத்த மட்டும் தனித்தனியா ஃபாதர்கிட்ட சொல்லணும், பாவசங்கீர்த்தனத்துக்குன்னு திருச்சபை 1973-ல குடுத்த சடங்கு முறையிலயே இதுக்கு இடம் இருக்கு. மொத்தமா எல்லாருக்கும் பாவமன்னிப்பு குடுக்கறது சாகற ஆபத்து மாதிரி நெருக்கடியிலதான், அப்பவும் சாவான பாவத்த பின்னாடி தனியா சொல்லணும். கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க, லைன் பெருசா இருக்கும்.