கல்லூரி நூலகத்தில் இவ்வளவு இரவல் விதிகள் எதற்காக? அவற்றுக்குள் நூலகத்தை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

இளங்கலை முதலாமாண்டில் சேர்ந்திருப்பதாகவும், நூலக அறிமுக நாளன்று மூன்று நூல், 14 நாள், தாமதமானால் அபராதம், தொலைத்தால் இரட்டை விலை என்று விதிகளை மட்டுமே சொல்லி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தென்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 23 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த அறிமுக உரையை ஆண்டுதோறும் நிகழ்த்தியவன் என்பதால், விதிகளை அடுக்கிச் சொல்லிவிட்டு அவற்றின் காரணத்தைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை அறிவேன். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் வகுப்பில் 60 பேர் இருப்பதாகவும், ஒரு பாடநூலுக்கு நூலகத்தில் ஐந்து பிரதிகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள். ஐந்து நாள் வாரமாகக் கணக்கிட்டால் 18 வாரங்கள். 14 நாள் தவணையில் எல்லோரும் நாள் தவறாமல் திருப்பித் தந்தால் ஒரு பிரதி ஒன்பது பேரின் கைக்குப் போகும். ஐந்து பிரதிகளுமாகச் சேர்ந்து 45 பேர் படிக்கலாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாரம் தாமதித்தால் ஒரு பிரதி ஆறு பேருக்குத்தான் கிடைக்கும். மொத்தம் 30 பேர். ஆளுக்கு ஏழு நாள் தாமதத்தால் 15 மாணவர்கள் அந்த நூலைத் தொட்டே பார்க்காமல் தேர்வெழுதப் போகிறார்கள். பெரும்பாலும் அந்த 15 பேர் விலை கொடுத்து அந்த நூலை வாங்க முடியாதவர்களாகவே இருப்பார்கள். கெடு தேதி என்பது நூலகருக்கும் உங்களுக்கும் இடையிலான ஏற்பாடு போலத் தோன்றினாலும், உண்மையில் அது உங்களுக்கும் நீங்கள் அறியாத அடுத்த வாசகருக்கும் இடையிலானது.

இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நூலைப் புதுப்பித்துக்கொள்ள வந்தால், வேறு எவரும் அதற்கு முன்பதிவு செய்யவில்லை என்றால்தான் இன்னொரு தவணை கொடுப்போம். காத்திருப்பவர் ஒருவர் இருந்தால் கொடுக்க மாட்டோம். பெரும்பாலான கல்லூரிகளில் இளங்கலை மாணவருக்கு இரண்டு மூன்று நூல்களும், முதுகலை மாணவருக்கு அதைவிடக் கூடுதலாகவும், ஆய்வு மாணவருக்கும் ஆசிரியருக்கும் இன்னும் அதிகமாகவும் நீண்ட தவணையோடும் தரப்படுகின்றன. படிப்பின் தேவை கூடக்கூட வரம்பும் கூடுகிறது என்பதே இதன் நோக்கம். ஆனால் ஆசிரியர்கள் ஒரு நூலை ஆண்டுக்கணக்கில் துறை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை நான் ஒருபோதும் சரியென்று கருதியதில்லை. மாணவருக்கு உரிய கெடு ஆசிரியருக்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கத்தான் வேண்டும். உங்களுக்கு வேண்டிய நூல் ஆசிரியர் ஒருவரின் கணக்கில் இருந்தால் தயங்காமல் முன்பதிவு செய்யுங்கள். அதை வரவழைத்துத் தருவது நூலகரின் கடமை.

மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் உரிமை இந்த முன்பதிவுதான். அடுக்கில் நூல் இல்லை என்று பார்த்தவுடன் திரும்பிப் போய்விடுகிறார்கள். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. முன்பதிவு அந்த விதியின் நேரடியான செயல் வடிவம். வழங்குமிடத்தில் பெயரையும் சேர்க்கை எண்ணையும் கொடுத்துவிட்டால் நூல் திரும்பியதும் உங்களுக்காக எடுத்து வைக்கப்படும். வழக்கமாக இரண்டு மூன்று நாள்கள்வரை காத்திருப்பார்கள்; அதற்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சில நூல்களை மட்டும் எவருக்கும் வெளியே தர மாட்டார்கள். அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், நடப்பு இதழ்கள், அரிய பழைய பதிப்புகள், ஒவ்வொரு பாடநூலிலும் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு பிரதி ஆகியவை நூலகத்துக்குள்ளேயே படிப்பதற்கு உரியவை. எல்லாப் பிரதிகளும் வெளியே போய்விட்ட நாளிலும் வந்து கேட்பவருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒதுக்கீடு. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள போட்லியன் நூலகம் 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு நூலை இரவல் கேட்டபோது, எந்த நூலும் வெளியே போகக் கூடாது என்ற தன் விதியைக் காட்டி மறுத்துவிட்டது. மன்னரும் அதை ஏற்றுக்கொண்டார். நம் கல்லூரிகள் அவ்வளவு கடுமையாக நடந்துகொள்வதில்லை. மாலையில் நூலகம் மூடும் நேரத்தில் இப்படி ஒதுக்கி வைத்த பிரதியை எடுத்துச் சென்று மறுநாள் காலை திறந்தவுடன் தந்துவிடும் ஓரிரவு இரவல் பல இடங்களில் உண்டு. விடுதி மாணவருக்கு இது பெரும் உதவி. சில பக்கங்கள் மட்டும் போதுமென்றால் படியெடுத்துக்கொள்ளலாம். தனிப்பட்ட படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் படியெடுப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. முழு நூலையும் படியெடுத்துத் தைத்துக்கொள்வதற்கு அது பொருந்தாது.

அபராதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு வரலாறு படித்த மாணவி ஒருவர் நூலகத்துக்கு வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்டார். வாரம் தவறாமல் வந்தவர். எடுக்கும் நூலைப் பற்றி ஓரிரு சொல்லாவது பேசிவிட்டுப் போகும் பழக்கமுள்ளவர். பருவ இறுதியில் நிலுவைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குக் காரணம் விளங்கியது. அறுவடைக் காலத்தில் தாய்க்கு உடல்நலமில்லாமல் போனதால் அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். இரண்டு நூல்களுக்கும் சேர்த்து 86 ரூபாய் ஏறியிருந்தது. அதை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல், நாளுக்கு நாள் தொகை வளர்வதை எண்ணி அஞ்சி, நூலக வாசலையே தவிர்த்திருக்கிறார். நூலைத் திரும்பப் பெறுவதற்காக வைத்த விதி, ஒரு நல்ல வாசகியை ஒரு பருவம் முழுவதும் வெளியே நிறுத்திவிட்டது. அன்று நான் அடைந்த வருத்தம் இன்றும் நீங்கவில்லை. முதல்வரிடம் பேசி, ஒரு நூலுக்கான அபராதத்துக்கு உச்சவரம்பு வைக்கவும், மருத்துவக் காரணங்களுக்கு விலக்கு அளிக்கவும், ஆண்டுக்கு ஒருமுறை அபராதமின்றித் திருப்பித் தர ஒரு வாரம் ஒதுக்கவும் ஏற்பாடு செய்தோம். அந்த வாரத்தில், திரும்பாது என்று நாங்கள் கைவிட்டிருந்த நூல்கள்கூட வந்து சேர்ந்தன.

ஆகவே உங்களுக்கும் தாமதமாகிவிட்டால் ஒளிந்துகொள்ளாதீர்கள். முதலில் நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். நூல் வந்த கணத்தில் தொகை வளர்வது நின்றுவிடும். காரணத்தை எழுதிக் கொடுங்கள். விலக்களிக்கும் அதிகாரம் பெரும்பாலும் முதல்வரிடமோ நூலகக் குழுவிடமோ இருக்கும். விண்ணப்பம் வந்தால்தான் அவர்களால் பரிசீலிக்க முடியும். ஊருக்குப் போக நேர்ந்தால் ஒரு தோழியிடமோ நண்பரிடமோ நூலைக் கொடுத்தனுப்புவதை எந்த நூலகமும் மறுக்காது. எடுப்பதற்குத்தான் உங்கள் அட்டையோடு நீங்களே வர வேண்டும். திருப்பித் தருவதற்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

தொலைந்த நூலுக்கு அதே நூலின் புதிய பிரதியை வாங்கித் தருவதே சிறந்த வழி. இரட்டை விலை என்ற விதி, மாணவரைப் பிரதி தேடச் செய்வதற்காக வைத்தது. ஏனெனில் பணமாகக் கட்டினால் அது கல்லூரிக் கணக்கில் சேர்ந்து, மீண்டும் அந்த நூலாக மாறி அடுக்குக்கு வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம்; வராமலும் போகலாம். பதிப்பு நின்றுபோன நூலாக இருந்தால் நூலகரிடம் கலந்து பேசுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதியை நான் மகிழ்ச்சியோடு ஏற்றிருக்கிறேன். இன்னொன்று: நூலை எடுத்தவுடன் வழங்குமிடத்திலேயே பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படங்களையும் வரைபடங்களையும் பிளேடால் வெட்டியெடுக்கும் கொடுமை எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது. திருப்பித் தரும்போது அது தெரியவந்தால் கடைசியாக எடுத்தவர் என்ற முறையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலிலேயே காட்டிவிட்டால் ஊழியர் குறித்து வைத்துக்கொள்வார்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு நூலின் கடைசி அட்டைக்குள்ளும் ஒரு காகிதப் பையும், அதில் நூலட்டையும், எதிர்ப்பக்கத்தில் தேதிச் சீட்டும் ஒட்டியிருப்போம். அந்தத் தேதி முத்திரைகளைப் பார்த்துத்தான் எந்த நூலுக்குக் கூடுதல் பிரதி வாங்க வேண்டும் என்று முடிவு செய்வோம். இரண்டு சீட்டுகள் நிறைந்து மூன்றாவது ஒட்டிய நூல் என்றால் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். இப்போது பட்டைக்குறியீடும் கணினியும் அந்த வேலையைச் செய்கின்றன. நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கும் கோஹா என்ற மென்பொருள் பல கல்லூரிகளுக்கு வந்துவிட்டது; மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொடை என்று பொருள். அதன் இணையப் பட்டியலில் நூல் இருக்கிறதா, யாரோ எடுத்திருந்தால் எப்போது திரும்பும் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நூல் அடுக்கில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அழைப்பெண் பட்டியலில் வரும்; அதைக் குறித்துக்கொண்டு அடுக்குக்குப் போங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் மொழி 494.811 என்ற எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் இருக்கும். எண்ணைப் பழகிக்கொண்டால் இம்முறையைப் பின்பற்றும் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் எவரையும் கேட்காமல் உங்கள் அடுக்கின் முன் போய் நிற்கலாம்.

நூலைப் படித்து முடித்த பின் நீங்களாக அடுக்கில் செருக வேண்டாம், மேசையிலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிச் செருகிய நூல், அடுத்த இருப்புச் சரிபார்ப்புவரை தொலைந்த நூலுக்குச் சமம். மேலும், மேசையில் கிடக்கும் நூல்களைக் கணக்கெடுத்தே உள்ளே படிக்கப்படுபவை எவை என்பதை அறிகிறோம்.

மூன்று நூல் என்ற வரம்பு உங்களுக்குக் குறைவாகப் படுவது நியாயமே. ஆனால் அந்த வரம்பு அச்சு நூலுக்கு மட்டும்தான். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால், 6,000க்கும் மேற்பட்ட மின்னிதழ்களையும் ஏராளமான மின்னூல்களையும் கைபேசியிலேயே படிக்கலாம். இதற்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கல்லூரி நூலகம் வழியாகத்தான் பெற முடியும். கேட்பவர்கள் மிகச் சிலரே. சந்தா கட்டியும் திறக்கப்படாமல் கிடக்கும் கதவு இது. அரசுக் கல்லூரியாக இருந்தால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கொண்ட சோத்கங்கா எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் அனைவருக்கும் திறந்திருக்கிறது; தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அங்கே உள்ளன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள்.

இவை தவிர, முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்பு, போட்டித் தேர்வு நூல்களுக்கான தனிப் பகுதி, வேறு கல்லூரியிலிருந்து நூலை வரவழைத்துத் தரும் ஏற்பாடு ஆகியவையும் உங்கள் நூலகத்தில் இருக்கலாம். பாடநூல்களைப் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் புத்தக வங்கி இருக்கிறதா என்று தவறாமல் விசாரியுங்கள். குடும்ப வருமானம் குறைந்த மாணவருக்குப் பல கல்லூரிகள் இதைத் தனியே நடத்துகின்றன. பெயர் கொடுப்பதற்கான காலம் பருவத் தொடக்கத்தில் சில நாள்களே திறந்திருக்கும்.

நூலகத்தில் இல்லாத நூலை வாங்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவற்றை எழுதி, உங்கள் துறைத்தலைவரின் கையெழுத்தோடு கொடுங்கள். மாணவர் பரிந்துரை என்று ஒரு தாளாவது கையில் இருந்தால், நூலகக் குழுக் கூட்டத்தில் நூலகர் அந்த நூலுக்காக வாதாட முடியும். வெறுங்கையோடு போய் நின்ற கூட்டங்களில் என் கோரிக்கைகள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. அதேபோல் வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் கையெழுத்திடுங்கள். நூலக நேரத்தை மாலையில் நீட்டிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கும்போது அந்த எண்ணிக்கைதான் எங்களுக்குத் துணை நின்றது.

நிலுவையின்மைச் சான்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரும் முன்பும், இறுதியில் டி.சி. வாங்கும் போதும் நூலகத்தின் கையொப்பம் கேட்பார்கள். கடைசி நாளில் முன்னூறு பேர் வரிசையில் நிற்பார்கள்; அன்றைக்குத்தான் திருப்பித் தந்த நூல் ஒன்று கணக்கில் நீக்கப்படாமல் இருப்பது தெரியவரும். அதனால் ஒவ்வொரு முறை நூலைத் தரும்போதும் உங்கள் கணக்கிலிருந்து அது நீங்கியதைத் திரையிலோ அட்டையிலோ பார்த்துவிட்டே நகருங்கள். நூலகச் சீட்டுகளைப் பயன்படுத்தும் கல்லூரியாக இருந்தால் உங்கள் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நகருங்கள். சேர்க்கையின்போது கட்டிய காப்புத் தொகை, படிப்பு முடிந்ததும் இந்தச் சான்றைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். அதற்கான ரசீதை மூன்றாண்டுகளும் பத்திரமாக வைத்திருங்கள்.